சென்னியப்பன் கண்ட வெளிச்சம்

சென்னியப்பன் அண்ணனைப் பொய்யர் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பொய் சொல்கிறவனுக்கு எங்கே மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் கொஞ்சமாவது இருக்கும். அண்ணனுக்கு அது அறவே கிடையாது. முப்பது வருஷமாக நாமக்கல்லிலிருந்து கேரளாவுக்கு முட்டை லோடு ஓட்டுகிறார். இதுவரை ஒரு முட்டைகூட உடைந்ததில்லை என்பார். நம்பாவிட்டால் முட்டையையே கேட்டுக்கொள் என்பார்.

அன்றைக்கு பைபாஸ் ஓரத்துக் கல்யாண மண்டபத்தில் லாரி டிரைவர்களுக்கு இலவசக் கண் பரிசோதனை. காலை பத்து மணி. பந்தி போடும் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருபது பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் எல்லோருக்கும் கண்ணில் சொட்டு மருந்து ஊற்றி, அரை மணி நேரம் கண்ணைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இருபது லாரி டிரைவர்களைக் கண்ணை மூடி உட்காரச் சொன்னால் ஐந்தாவது நிமிஷம் குறட்டை கேட்க வேண்டும். அன்றைக்கு ஒருத்தரும் தூங்கவில்லை. அண்ணன் பேசிக்கொண்டிருந்தார்.

அவருக்கு உள்ளே உதறல், அதனால்தான் அவ்வளவு பேச்சு என்று எனக்குத் தோன்றியது. முட்டை முதலாளி கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தார்: கண் டாக்டரம்மா கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாதவன் ராத்திரி வண்டியில் ஏறக்கூடாது. ராத்திரி லைன் போய்விட்டால் பகலில் கோழித்தீவன மூட்டை ஏற்றிக்கொண்டு பக்கத்துப் பண்ணைகளைச் சுற்றிவர வேண்டியதுதான். முன்கண்ணாடிக்கு மேலே 'ராத்திரி ராஜா' என்று பெயிண்டில் எழுதி வைத்திருக்கிற மனிதருக்கு அதைவிடக் கேவலம் வேறு கிடையாது.

"எனக்கெதுக்குங்க கண் டெஸ்ட்டு?" என்றார் அண்ணன், வரிசை முழுவதற்கும் கேட்கிற மாதிரி. "காலையில சார்ட்டப் படிக்கச் சொன்னாங்க. எழுத்து பூராவையும் படிச்சு முடிச்சு, அடியில அதை அச்சடிச்ச பிரஸ்ஸுப் பேரையும் படிச்சேன். என்ற கண்ணுல கோளாறு இல்லீங்க. கோளாறு பூரா எதுக்க வர்ற வண்டியிலதான். இப்ப வர்ற காருக்காரனுங்க லைட்டா போடுறானுங்க? சூரியனப் புடிச்சு பம்பருக்கு மேல கட்டித் தொங்கவிட்டுட்டு வர்றானுங்க."

"அது வாஸ்தவந்தான்" என்றார் என் வலது பக்கமிருந்த கனி பாய். சிமெண்டு லாரி ஓட்டுகிறவர். "டிம் அடிங்கடான்னு கெஞ்சினாலும் அடிக்க மாட்டேங்கிறானுங்க."

பாய் அப்படி ஆமாம் போட்டிருக்கக் கூடாது. அது போதும் அண்ணனுக்கு.

"டிம்மா? பாய், கேளுங்க. போன பங்குனியில வெள்ளகோவில் தாண்டிப் போய்ட்டிருக்கேன். எதுக்க ஒரு காரு. தூரம் எப்படியும் ரெண்டு மைலு இருக்கும். வெளிச்சம் வந்து விழுந்துது பாருங்க, ரோட்டோரத்து ஊருல இருக்கிற சேவல் பூராவும் ஒரே நேரத்துல கூவுது. சனம் எழுந்து பல்லு வெளக்குது. பால் சொசைட்டிக்காரன் சைக்கிள்ல கேனக் கட்டிட்டுக் கெளம்பிட்டான். பொம்பளைங்க வாசல் தெளிச்சுக் கோலம் போட்டு முடிக்கறதுக்குள்ள காரு என்னத் தாண்டிப் போயிருச்சு. மறுபடியும் கும்மிருட்டு. பாதிக் கோலத்துல புள்ளியத் தேடிட்டு நிக்கறாங்க பாவம்."

"எத்தனை மணி இருக்கும்ணா?" என்று நான் கேட்டேன்.

"ராத்திரி பதினொன்னே கால்."

"பதினொன்னே காலுக்குக் கறந்தா மாடு பால் குடுக்குமா?"

"குடுத்துதே. மாட்டுக்கு மட்டும் மணி தெரியுமா? அதுவும் வெளிச்சத்தப் பாத்துத்தான கறக்க நிக்குது."

எல்லோரும் சிரித்தோம். அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாச்சிமுத்து மட்டும் சிரிக்கவில்லை. நாச்சிமுத்து அவருடைய லாரியில் மாற்று டிரைவர். முப்பத்திரண்டு வயது என்பதால் அவனுக்குச் சொட்டு மருந்து ஊற்றவில்லை. கண்ணைத் திறந்துகொண்டிருந்தவன் அந்த வரிசையிலேயே அவன் ஒருத்தன்தான்.

"அன்னைக்கு நானும் வண்டியில இருந்தேன். ஒரு சேவலும் கூவலீங்க" என்றான்.

"நீ தூங்கிட்டிருந்தடா" என்றார் அண்ணன். "இதாவது பரவால்ல. அதுக்கு அடுத்த வாரம் காங்கயத்துக்கு இந்தப் பக்கம் ஒருத்தன் வந்தான். அவன்ற லைட்டுல வெளிச்சத்தோட தள்ளு வேற இருக்குது. நான் டாப் கியர்ல அறுவதுல போறேன். முள்ளு அறுவதக் காட்டுது. ஆனா ஓரத்துல மைல்கல்லு பின்னால இருந்து முன்னால போகுது. என்னடா கெரகம்னு பாத்தா, வெளிச்சம் என்ற வண்டியப் பின்னால தள்ளுது! முன்னால ஓட்ட ஓட்டப் பின்னாலயே போயிக் கரூர் வந்து சேந்துட்டேன். அங்க ஒரு டீக்கடையில, ஏனுங்க இப்பத்தான போனீங்க, அதுக்குள்ள லோடு எறக்கிட்டீங்களான்னு கேக்கறான்."

"அப்ப டீசல்?" என்றார் பாய்.

"அதுதான் பாய் ஆச்சரியம். பின்னால போனதால டேங்குல டீசல் ஏறியிருந்துது."

பாய்க்குப் புரையேறிவிட்டது. இருமி முடிக்க ஒரு நிமிஷம் ஆயிற்று. கண்ணைத் திறக்காமல் யாரோ அவர் தலையில் தட்டப்போய் என் தலையில் தட்டினார்கள்.

"ரெண்டு லட்சம் முட்டையோட கதைய நான் யாருகிட்டயும் சொன்னதில்ல" என்று அண்ணன் குரலை இறக்கினார். போன தீபாவளியிலிருந்து அந்தக் கதையை நான் மட்டுமே நாலு தடவை கேட்டாயிற்று. ஒவ்வொரு தடவையும் முட்டை கூடிக்கொண்டுதான் வந்திருக்கிறது. "வரிசையா ஏழு காரு. ஏழும் ஹை பீம். ஒவ்வொரு லைட்டும் தேருக்கால் அகலம். அந்தச் சூடு தார்ப்பாயி வழியா உள்ள எறங்குது. பின்னால கீச்சு கீச்சுன்னு ஒரு சத்தம். ஸ்பிரிங் பட்டைதான் கத்துதுன்னு நெனச்சேன். பல்லடத்துல நிறுத்தித் தார்ப்பாயத் தூக்கிப் பாத்தா, சாமி சத்தியமா, ஒரு முட்டை பாக்கியில்லாமக் குஞ்சு பொரிச்சிருக்குது."

"ரெண்டு லட்சமுமா?"

"ரெண்டு லட்சத்துப் பதினாறாயிரம். நல்லாக் கேட்டுக்கங்க, கதை இன்னும் முடியல. பொள்ளாச்சி தாண்டறதுக்குள்ள குஞ்சு பூரா விடலை ஆயிருச்சு. பாலக்காட்டுல கடைக்காரன் தார்ப்பாயத் தூக்கறான், இவ்ளோ பெரிய கோழியா எறங்கி வருது. 'ஏட்டா, ஞான் முட்டையல்லே சோதிச்சது', முட்டையத்தான கேட்டேன்னு கத்தறான். செத்த பொறுய்யா, ஏதாச்சும் தின்னுட்டு வான்னு அவன அனுப்பி வெச்சேன். அவன் புட்டும் கடலையும் தின்னுட்டுத் திரும்பி வர்றதுக்குள்ள, அத்தனை கோழியும் ஆளுக்கொண்ணு முட்டை போட்டு, ட்ரேயில அடுக்கி வெச்சிருச்சு. எண்ணிப் பாத்தா ரெண்டு லட்சத்துப் பதினாறாயிரம். ஒண்ணு கொறையல. கோழி எனக்கு லாபம்."

"அதுல சேவலும் இருந்திருக்குமில்லீங்களா? சேவல் எப்படிங்ணா முட்டை போடும்?" என்று நாச்சிமுத்து கேட்டான்.

"சில கோழி ரெண்டு போட்டுருச்சுடா. எல்லாத்தையும் வெவரமாச் சொல்லோணுமா உனக்கு? உனக்கென்ன தெரியும், நீ தூங்கிட்டிருந்த."

கூடத்துக் கோடியில் ஒரு திரை கட்டி, அதற்குப் பின்னால் கருவியை வைத்துக்கொண்டு டாக்டரம்மா ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெசிந்தா என்று பெயர், தூத்துக்குடிப் பக்கம். வரிசையில் இன்னும் மூன்று பேர் போனால் அண்ணனுடைய முறை. அது தெரிந்ததும் அவர் பேச்சின் வேகம் இன்னும் கூடியது.

"ஆனா ஒண்ணுங்க. போன வைகாசி மாசம் அமாவாசையே வரல, ஞாபகம் இருக்குதா? சங்ககிரி ரோட்டுல ஒரு புது ஜீப்பு. கூரை மேல எட்டு லைட்டு, முன்னால ஆறு. இப்பல்லாம் எதுக்க வர்றவன் கண்ணு கூசாம இருக்க லைட்டு நடுவுல கறுப்புப் பொட்டு எவன் ஒட்டறான்? ஒட்டுனாலும் ஆர்டிஓ ஆபீசுல எஃப்சிக்கு வண்டியக் காட்டிட்டு அன்னைக்குச் சாயங்காலமே உரிச்செறிஞ்சர்றான். அவன் போட்ட வெளிச்சத்துல ஊரு உலகத்துல எங்கயுமே இருட்டு விழல. காவிரிக்கரையில எள்ளும் தண்ணியுமா நின்ன சனமெல்லாம், அமாவாசை எங்கீங்கன்னு அய்யரப் புடிச்சு உலுக்குது. அவரு வானத்தப் பாக்கறாரு, பஞ்சாங்கத்தப் பாக்கறாரு, அடுத்த மாசம் ரெண்டாச் சேத்துக் குடுத்துக்கலாம் போங்கன்னுட்டாரு."

"அந்த வெளிச்சத்துல நீங்க எப்படிண்ணா ஓட்டுனீங்க?" என்று கேட்டேன். சும்மா கிண்டலுக்குத்தான் கேட்டேன்.

"எப்படியா? கண்ண மூடிட்டு ஓட்டுனேன்" என்றார் அண்ணன் பெருமையாக. "தெறந்து வெச்சாலும் ஒண்ணும் தெரியப்போறதில்ல, பொறவு எதுக்குத் தெறக்கோணும்? முப்பது வருசமாப் போற ரோடு. எனக்கு மூக்கு போதும். கொப்பரை வாசம் வந்தாக் காங்கயம். கோழிப் பண்ணை வாசம் வந்தாப் பல்லடம். நடுவுல ரெண்டு வளைவு, ஒரு பாலம். வயித்துல ஒரு தூக்குத் தூக்கும், அதான் பாலம். கண்ணு எதுக்குங்க?"

வரிசையில் சிரிப்பு அலையாகப் போயிற்று. அது அடங்கும் வரை பேசாமலிருந்துவிட்டு நாச்சிமுத்து மெதுவாகச் சொன்னான்:

"இத நான் நம்பறனுங்க."

அண்ணன் வழக்கம்போல ஆரம்பித்தார்:

"போங்கடா, இவன் தூங்கு..."

"நான் தூங்கலீங்ணா. நாலு மாசமா அந்த சீட்டுல நான் ஒரு நிமிசம் தூங்கல. எதுக்க வெளிச்சம் வந்தா நீங்க ஸ்டியரிங்க இறுக்கிப் புடிக்கறது எனக்குத் தெரியும். வெளிச்சம் தாண்டுன பொறவும் ஒரு பர்லாங்கு தூரம் நீங்க ஒண்ணும் பாக்கறதில்லன்னும் தெரியும். போன மாசம் கரும்பு டிராக்டரு சைடு லைட்டு இல்லாம நின்னுச்சு. நான் ஹேண்ட் பிரேக்கப் புடிச்சு இழுத்தேன். ஒரு முழம், அவ்ளோதான் மிச்சம். வூட்டுல பாப்பாவுக்கு ஒம்பது மாசமாகுது. தெனமும் வண்டி ஏறறப்ப அது மூஞ்சியப் பாத்துட்டு ஏறறேன். எனக்குப் பயமா இருக்குதுங்ணா."

நாங்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்ததால் அண்ணன் முகம் எப்படி ஆயிற்று என்று பார்க்க முடியவில்லை. பார்க்க முடியாததில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி என்றுதான் சொல்ல வேண்டும். அவருடைய கைவிரல் நாற்காலிப் பிடியைத் தட்டிக்கொண்டிருந்த சத்தம் மட்டும் கேட்டது.

"டிராக்டருக்குப் பின்னால ரிஃப்ளெக்டர் இல்ல" என்றார் கடைசியில். "எதுக்க வந்தவன் டிம் அடிக்கல. என்ற கண்ணுல என்னடா இருக்குது?"

"சென்னியப்பன்!" என்று திரைக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டார்கள்.

நாச்சிமுத்து அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உட்கார வைத்துவிட்டுத் திரை ஓரத்தில் நின்றான். எங்களுக்குப் பேச்சு மட்டும் கேட்டது. தாடையை இதில் வையுங்கள், நெற்றியை ஒட்டுங்கள், கண்ணை நன்றாகத் திறங்கள் என்று ஜெசிந்தாம்மா சொன்னார். பிறகு விளக்கை அண்ணன் கண்ணுக்குள் அடித்திருக்க வேண்டும். டக்கு, டக்கு, டக்கு என்று தரையில் சத்தம்.

"அண்ணாச்சி, காலை எதுக்குத் தட்டுதீங்க?"

எங்களுக்கு அது என்ன சத்தம் என்று உடனே புரிந்துவிட்டது. பழைய லாரியில் டிம் அடிக்கிற சுவிட்ச் தரையில்தான் இருக்கும், கிளட்சுக்குப் பக்கத்தில். இடது காலால் மிதிக்க வேண்டும். அதில் தொழில் பழகியவனுக்கு எதிரே வெளிச்சம் வந்தால் மூளைக்கு முன்னால் இடது கால் போய்விடும். டாக்டரம்மாவின் விளக்கைப் பார்த்ததும் அண்ணன் அவருக்கு டிம் அடித்து சிக்னல் கொடுத்திருக்கிறார். கனி பாய் சிரிப்பை அடக்கிக் குலுங்கியதில் என் நாற்காலியும் ஆடியது. சொல்லப்போனால் அந்தச் சத்தம் கேட்டதும் என் காலும் ஒருமுறை தரையில் தட்டியது.

"சரி, நான் கேக்கதுக்கு பதில் சொல்லுங்க" என்றார் ஜெசிந்தாம்மா. "ராத்திரியில எதுத்தாப்புல வண்டி வந்தா, அந்த லைட்டு உங்களுக்கு எப்படித் தெரியுது?"

எப்படித் தெரியுது என்று அண்ணனைப் பார்த்து ஒருத்தர் கேட்கிறார்! அதுவும் படித்தவர், கையில் பேனாவோடு! நாச்சிமுத்து சொன்னதால் சுருங்கிப்போயிருந்த குரல் பழையபடி நிமிர்ந்தது.

"கேளுங்க டாக்டரம்மா. எவனும் நம்ப மாட்டேங்கறான். ஒரு லைட்டு ஒரு லைட்டாவா வருது? எட்டா வருது. சுத்திலும் கதிர் அடிக்குது, சாமி செலைக்குப் பின்னால திருவாசி இருக்குமில்ல, அந்த மாதிரி."

"ம், சொல்லுங்க." பேனா ஓடும் சத்தம் கேட்டது.

"லைட்டச் சுத்தி வளையம். சைக்கிள் சக்கரம் அத்தனை பெருசு. மானத்துல வில்லு விழுமே, அந்தக் கலரு. கிட்ட வர வர ரோடே இருக்காது. நடுக்கோடு இருக்காது, ஓரம் இருக்காது, பூராவும் பால ஊத்துன மாதிரி வெள்ளை. அவன் தாண்டிப் போன பொறவும் அந்த வெள்ளை போகாது. பத்து எண்ணறவரைக்கும் நிக்கும்."

"வலது கண்ணுல ஜாஸ்தியா?"

"அட, ஆமாங்க! எப்படிங்க கரெக்டாச் சொல்றீங்க?"

"எத்தனை நாளா?"

"ஒரு வருசமா. இந்த நாலு மாசமா ரொம்பங்க. இதுல இன்னொண்ணு சொல்றேன் எழுதிக்கங்க, எதுக்க வர்ற பைக்கு கூட..." அண்ணன் இரண்டு பக்கத்துக்குச் சொன்னார். அவ்வளவையும் அந்தம்மா பொறுமையாக எழுதினார். தன் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் பேச்சை ஒருத்தர் எழுதி எடுத்துக்கொள்கிறார் என்ற சந்தோஷம் அண்ணன் குரலில் வழிந்தது.

பேனா மூடும் சத்தம் கேட்டது.

"அண்ணாச்சி, நீங்க சொன்னதுல ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது" என்றார் ஜெசிந்தாம்மா.

முப்பது வருஷத்தில் அவரிடம் யாரும் சொல்லாத வார்த்தை. எங்கள் வரிசையில் ஒருவர் பாக்கியில்லாமல் கண்ணைத் திறந்துவிட்டோம்.

"ரெண்டு கண்ணுலயும் புரை விழுந்திருக்கு. வலதுல அதிகம். பகல்ல சார்ட்டைப் படிச்சிருவீங்க, அதுல ஒண்ணும் தெரியாது. ராத்திரியில எதிர் வெளிச்சம் உள்ள போகும்போது அந்தப் புரையில பட்டு நாலா பக்கமும் சிதறுது. அதான் எட்டு லைட்டு, அதான் வளையம், அதான் பால்."

"அப்ப அந்த எல்.இ.டி.காரனுங்க மேல தப்பே இல்லீங்களா?" என்றார் அண்ணன்.

"தப்புதான். எல்லார் கண்ணும்தான் கூசுது. அவன் கண்ணு கூச வைக்கான்னா, உங்க கண்ணு ரோட்டையே அழிக்குது. அவன் லைட்டை அவன்தான் கழட்டணும். இதை நாங்க கழட்டிருவோம், சின்ன ஆபரேஷன்தான். முதல்ல ஒரு கண்ணு, பிறகு இன்னொண்ணு. திரும்பப் பார்த்து நான் எழுதிக் குடுக்கற வரைக்கும் ஸ்டியரிங்கைத் தொடாதீங்க. ராத்திரியிலும் வேண்டாம், பகல்லயும் வேண்டாம்."

இந்த மனிதரைக் கிண்டல் பண்ணியே பொழுதைக் கழித்தவன் நான். வருஷக்கணக்காக அவர் புளுகியதில் இந்த வெளிச்சக் கதையை மட்டும் கேட்டு ஒருத்தராவது, ஏன் அண்ணா, நிஜமாவா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

அண்ணன் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். மருந்தில் கண் விரிந்து, மண்டபத்து வாசல் வெயிலுக்குக் கூசி, கையை நெற்றியில் வைத்துக்கொண்டு நின்றார். வரிசை முழுவதும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"புரையாம்" என்றார். "இந்தம்மாவுக்குப் படிப்பிருக்குது, அனுபவம் பத்தாது. அது புரை இல்லீங்க. முப்பது வருசமா எதுக்க வந்தவன் அடிச்ச வெளிச்சம் பூரா என்ற கண்ணுக்குள்ள போனது போனதுதான், வெளிய வரவேயில்ல. உள்ளயே தேங்கி, ஆடை கட்டிக் கெடக்குது. ஆபரேஷன்ல அதத் தெறந்து விட்டாங்கன்னு வைங்க, நாமக்கல் ஜில்லாவுக்கு ஆறு மாசத்துக்குக் கரண்டு வேண்டியதில்ல. கத்திய வைக்கறதுக்கு முந்தி அங்க இருக்கற அத்தனை பேரையும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கச் சொல்லோணும். அப்பறம் என்னக் குத்தம் சொல்லக் கூடாது."

நாச்சிமுத்து அவர் முன்னால் வந்து கையை நீட்டினான்.

"கறுப்புக் கண்ணாடி போட்டுக்கச் சொல்லிரலாங்ணா. சாவியக் குடுங்க."

அண்ணன் பனியனுக்குள் கையை விட்டு, சாவியை எடுத்துக் கொடுத்தார்.